என் வாயைப் பார்த்துப் பேசியவள்

வகுப்பில் சிரிப்பு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்பதைக் கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்லிவிடுவேன். இந்த வேலையில் அது தானாக வந்துவிடும். கடைசி பெஞ்சுச் சிரிப்பு தரையோடு உருண்டு வரும். ஜன்னலோரச் சிரிப்பு பாதி வெளியே போய், மீதிதான் நம்மிடம் வரும். எப்படி வந்தாலும், முதலில் ஒரு குரல் எதையாவது சொல்லியிருக்கும். அதற்குப் பின்னால்தான் சிரிப்பு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனை எழுப்பி நிறுத்தினால் கதை முடிந்தது. பல வருஷம் இப்படித்தான் ஓட்டினேன்.

அந்தப் பத்தாம் வகுப்பில் மட்டும் யாரும் எதுவும் சொல்லாமலே சிரிப்பு வந்தது.

பள்ளிக்கூடம் அருப்புக்கோட்டையில், தறிக்காரத் தெருக்களை ஒட்டி இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் அந்தத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். மீதிப் பேர் திருச்சுழிப் பக்கமும் எம்.ரெட்டியபட்டிப் பக்கமும் இருந்து பஸ்ஸில் வரும், காட்டு வேலை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். நானும் திருச்சுழிக்காரிதான். சமூக அறிவியல் எடுக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் வரும் முதல் பீரியடு என் தலையில் விழுந்திருந்தது.

அந்த நேரத்து வகுப்பை நீங்கள் பார்க்க வேண்டும். மின்விசிறி சுற்றும், காற்று வராது. வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். தெருவிலிருந்து பவர்லூம் சத்தம் ஒரே தாளமாக வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது காதுக்குக் கேட்பது நின்று, உடம்புக்குள் ஓட ஆரம்பித்துவிடும். சாம்பார் சாதம் கண்களை இழுக்கும். நான் பேசுவது எனக்கே எங்கோ தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்கும். அந்த மயக்கத்துக்குள் திடீரென்று முப்பது வாய்கள் ஒன்றாகச் சிரித்தால் எப்படி இருக்கும்? திரும்பினால் எல்லா முகமும் புத்தகத்தில். தூங்கி ஏதும் கனவு கண்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் ஜன்னல் கதவின் கண்ணாடியில்தான் பிடித்தேன். நடு பெஞ்சில் ஒரு தறிக்கார வீட்டுப் பெண். ஒல்லி, இரட்டைச் சடை, பெரிய வாய். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசப் பேச, அவள் வாய் என் வாயோடு கூடவே அசைந்தது. சத்தம் துளி இல்லை. முந்தானையை இழுத்து இழுத்து இடுப்பில் செருகுவேன், அது என் பழக்கம். அவள் தாவணியே இல்லாத சீருடையில் அதையும் செருகினாள். என் புருவம், என் பெருமூச்சு, "புரியுதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போவது, எல்லாம் அந்தக் கண்ணாடியில் ஓடியது. நான் இத்தனை அலட்டல் பேர்வழி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எந்திரி. என்ன பேசிக்கிட்டு இருக்க?"

"நான் ஒண்ணுமே பேசலையே டீச்சர்."

"ஆமா டீச்சர், அவ பேசல" என்று வகுப்பே சாட்சி சொன்னது. அது உண்மைதானே! வழக்குப் போட்டால் அவள்தான் ஜெயிப்பாள்.

ஆசிரியர் அறையில் புலம்பியபோது கணக்கு சார் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் தறிக்கார வீட்டுப் பிள்ளை.

"அது தறிப்பேச்சு டீச்சர். ஷெட்டுக்குள்ள தறி ஓடுறப்ப காதுல என்ன விழும்? அங்கன எல்லாம் வாயசைப்புதான். எங்க அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டாக் கூட சத்தம் வராது. வேலைக்கு வாரவுக தமிழ்க்காரவுக, வீட்டுல கன்னடம். ரெண்டு பேச்சும் பிள்ளைகளுக்கு வாயப் பாத்தே வந்துரும்."

"வந்துட்டுப் போகட்டும். அத ஏன் என் கிளாஸ்ல ஓட்டுறா?"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் டீச்சர், விடுங்க" என்றார். அவருக்கென்ன, அவர் பீரியடு காலையில்.

நானும் என் வித்தையெல்லாம் காட்டினேன். முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் திரும்பியதும் அவளும் பின்பக்கம் திரும்பிக்கொண்டாள். வராண்டாவில் நிறுத்தினேன், ஜன்னல் அவளுக்கு மேடையாகிவிட்டது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நாடகமே நடத்தினாள். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தேன். சத்தம் போட்டேன். சத்தமே இல்லாத ஒருத்தியை அடக்கச் சத்தம் போடுவது எவ்வளவு பெரிய கூத்து என்று அப்போது உறைக்கவில்லை.

என் தொண்டை அதற்கு முந்தின வருஷத்திலிருந்தே கரகரத்துக்கொண்டிருந்தது. பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் குரல் தேய்ந்துபோயிருக்கும். "எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துலயே செலவழிச்சுட்டு வாரியே, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கக் கூடாதா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. சமையலோ தையலோ எனக்குச் சுமார்தான். பேசுவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாக வந்த வேலை. அதுவும் போய்விட்டால் அப்புறம் நான் யார்?

அன்றைக்கு வடகிழக்குப் பருவமழைப் பாடம். தமிழ்நாட்டுக்கு இதுதான் பெருமழை தரும் காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே ஐப்பசி வெயில் பல்லைக் காட்டியது. ரெட்டியபட்டிப் பையன் ஒருத்தன் எழுந்து, ரொம்பப் பணிவாக, "டீச்சர், அது தமிழ்நாட்டுக்குத்தான? நமக்கு இல்லேல்ல?" என்றான்.

வகுப்பு குலுங்கியது. அவன் வீட்டில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. மேஜையைத் தட்டினேன், கேட்கவில்லை. மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து "சைலன்ஸ்!" என்று கத்தினேன்.

பாதி வார்த்தை வந்தது. மீதி வரவில்லை.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். அதுவும் இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. வகுப்பு ஒரு கணம் என்னைப் பார்த்தது. அப்புறம் வந்த சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கை தட்டினார்கள், பெஞ்சைத் தட்டினார்கள். ஒருத்தன் விசில் கூட அடித்தான். டீச்சரும் தறிப்பேச்சுப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். இத்தனை நாள் அவளோடு மல்லுக்கட்டிய டீச்சர், ஒருவழியாக அவளுடைய ஆட்டத்தில் சேர்ந்துவிட்டதாக அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அத்தனை பிரியமாக ஒரு வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. நான் அந்தச் சிரிப்புக்கு நடுவில் பயத்தில் வியர்த்துப்போய் நின்றேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் என் வாய் புரிந்தது. 'வரல, குரல் வரல, தண்ணி' என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சட்டென்று எழுந்து வகுப்பைப் பார்த்துக் கத்தினாள். "சிரிக்காதீக! டீச்சருக்கு நெசமாவே கொரல் போயிருச்சு!"

அவ்வளவுதான், சிரிப்பு இரண்டு மடங்கானது. புலி வருது புலி வருது கதைதான். அவள் வாயிலிருந்து வந்தால் அது வேடிக்கையாகத்தானே இருக்க வேண்டும்? "நெசமாத்தான் சொல்றேன்" என்று கெஞ்சினாள். ஒருத்தரும் நம்பவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். "என்னா நடிப்புடா சாமி!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கை தட்டினான். அழுதபடியே பெஞ்சைத் தாண்டி வந்து தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தலைமையாசிரியர் அறை வரைக்கும் அந்தச் சிரிப்பு எங்கள் பின்னாலேயே வந்தது.

மதுரையில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாண் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுப்பது அதைவிடக் கெடுதல், சாக்பீஸ் தூசியும் ஆகாது என்றார். "இப்படியே இருந்தாத் திரும்பி வரலாம்மா. வராமலும் போகலாம். இப்பச் சொல்ல முடியாது." வராமலும் போகலாம் என்றபோது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கேலி பேசும் மனுஷன், திருச்சுழி வரைக்கும் அந்தக் கையை விடவே இல்லை.

லீவு போட்டு வீட்டில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. அமைதியான வீட்டில் நாள் முழுக்கத் தொண்டையையே நினைத்துக்கொண்டிருப்பேன். தலைமையாசிரியருக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை, பத்தாம் வகுப்பு வேறு. "வந்து உக்காந்திருந்தாப் போதும் டீச்சர்" என்றார். செல்போனில் எழுதினால் அது வாசித்துச் சொல்லும் என்று யாரோ யோசனை சொல்ல, அதையும் வாங்கி வைத்துப் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி அது பருவக்காற்றை வாசித்தது. வகுப்பு சிரித்த சிரிப்பில் அதோடு அதை மூடி வைத்தேன்.

பேசாமல் இருந்த அந்த வாரங்கள் இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன. பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே டிக்கெட் கிழித்துத் தருவார். பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று சிலர் முடிவு செய்து, என் பக்கத்திலேயே என்னைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். கரிசல் காடு உழுது போட்டபடி மழைக்குக் கிடக்கும். தூரத்து ரோட்டில் கானல்நீர் பளபளக்கும். அதற்குள் ஒரு ஆட்டு மந்தை கால் நனையாமல் நடந்து போகும். சொல்வதற்கு எவ்வளவோ தோன்றும், ஒன்றையும் சொல்ல முடியாது. ஊமை கண்ட கனவு என்பார்களே, அதற்கு அர்த்தம் அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது. பயத்துக்கு நடுவிலும் அதில் ஒரு சுகம் இருந்தது. அதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

செல்போனை மூடி வைத்த அன்றைக்கு, வேறு வழியில்லாமல் அவளை விரல் காட்டிக் கூப்பிட்டேன். மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சத்தமில்லாமல் வாயை அசைத்தேன்.

"மெள்ள டீச்சர். வாய நல்லாத் தொறங்க. இவ்வளவு வேகமாப் பேசுனாத் தறிக்காரவுக ஒங்கள வேலைக்கே வச்சுக்கிட மாட்டாக" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் வகுப்பைப் பார்க்க மாட்டாள், என் வாயைத்தான் பார்ப்பாள். நான் அசைக்க அசைக்க அவள் சத்தமாகச் சொல்வாள். 'நான்' என்றால் 'நான்' என்றே சொல்வாள். "நான் காலேஜ்ல படிக்கும்போது" என்று அவள் தன் கீச்சுக்குரலில் ஆரம்பித்ததும் வகுப்பு விழுந்து புரண்டது. எனக்கு எரிச்சல் வந்தது. திட்டினேன். திட்டையும் அவள்தானே சொல்ல வேண்டும்?

"'வாய மூடிட்டுச் சொன்னத மட்டும் சொல்லு, கழுத'ன்னு டீச்சர் சொல்றாக. என்னையத்தான்."

அதற்கு மேல் யாரைத் திட்டுவது?

நான் ஒரு வாக்கியம் கொடுத்தால் அவள் ஒன்றரையாகச் சொல்வாள். ஈரக்காற்று கடலிலிருந்து வருகிறது என்று நான் முடித்தால், "வார வழியெல்லாம் ஊத்திட்டு வந்து, நம்ம ஊருக்கு வந்ததும் வெறுங்கொடத்தக் கவுத்துக் காட்டிட்டுப் போயிரும்" என்று சேர்ப்பாள். என் வாயில் அது வரவே இல்லை என்று கையை ஆட்டுவேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். யாரும் தூங்கவில்லை. அந்த ரெட்டியபட்டிப் பையன், காற்று ஏன் பருவத்துக்குப் பருவம் திசை திரும்புகிறது என்று நிஜமாகவே கேட்டான். நான் வாயை அசைத்தேன், அவள் சொன்னாள், அவன் எழுதிக்கொண்டான். அவள் சொன்னதை ஒருத்தன் எழுதிக்கொள்கிறான் என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் என் பஸ் வரும்வரை வேப்பமரத்தடியில் என்னோடு நிற்பாள். அவளுக்குப் பேசத் தடை ஏதும் இல்லை, ஆனாலும் எனக்குத் துணையாக வாயைத்தான் அசைப்பாள். எனக்கும் மெதுவாகப் பிடிபட ஆரம்பித்தது. மரத்தடியில் இரண்டு பேர் சத்தமே இல்லாமல் ஊர்க்கதை பேசுவதைப் பார்த்து டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் சொன்னாள். 'போன வருசம் எனக்கு வயித்து வலி வந்துச்சு டீச்சர். வலி வலின்னு சொன்னேன். நடிக்கேன்னு எங்க வீட்டுல எல்லாரும் சிரிச்சாக, வலியில உருண்டேன், இன்னும் சிரிச்சாக. மயங்கி விழுந்தப்பெறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக. குடல்வாலு.' சொல்லிவிட்டு, அன்றைக்கு உருண்டதையும் சின்னதாகச் செய்து காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகையும் வந்தது. 'அப்புறம் ஏன் இப்படியே இருக்க?' என்று கேட்டேன். 'சிரிக்கையிலயாச்சும் என்னையப் பாக்காகள்ல' என்றாள்.

மறுபடி மதுரை. மறுபடி குழாய். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதாவது பேசுங்கம்மா" என்றார். எனக்கு வாயைத் திறக்கவே பயம். கடைசியில் "சரிங்க டாக்டர்" என்றேன். வந்தது. பழைய குரல் இல்லை. அடியில் எங்கோ கிடந்து, கொஞ்சம் கிழிந்து, யாரோ ஒரு மூத்த பெண்ணின் குரலாக வந்தது. ஆனால் வந்துவிட்டது. அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம், கத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வீட்டுக்காரர் "என்னைய ஒருக்காக் கூப்பிடு" என்றார். "என்னங்க" என்றேன். "இன்னொருக்கா" என்றார். ஊர் வரும்வரை அதுதான் நடந்தது.

மறுநாள் மதியம் வகுப்புக்குள் போனேன். பேசத்தான் போனேன்.

அவள் ஏற்கெனவே மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். புத்தகத்தில் பாடத்தைத் திருப்பி வைத்திருந்தாள். சடையை இறுக்கிப் பின்னி, ரிப்பனை இஸ்திரி போட்டது போல மடித்துக் கட்டியிருந்தாள். ஒரு உத்தியோகத்துக்கு வந்து நிற்கிற மாதிரி நின்றாள். வகுப்பு அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. குரல் என் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்றைக்கு வேண்டாம், இந்த வாரம் போகட்டும் என்று தோன்றியது. சத்தமில்லாமல், 'ஆரம்பிக்கலாமா?' என்று வாயசைத்தேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். அப்புறம் பார்வை இறங்கி என் கழுத்துக்குப் போனது. குரல் இல்லாதபோது நான் வாயை அகலத் திறந்து, முகத்தையே கோணலாக்கித்தான் பேசுவேன். அன்றைக்கு, குரல் உள்ளவர்கள் பேசுவதைப் போலச் சின்னதாக அசைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவளிடம் அதெல்லாம் பலிக்குமா?

வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் தெரியும்படி வாயசைத்தாள். 'வந்துருச்சா டீச்சர்?'

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"டீச்சர் என்ன சொல்றாக?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். அவள் திரும்பினாள். நான் மறைத்ததை அவளும் மறைத்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

"டீச்சருக்குக் கொரல் வந்துருச்சு" என்றாள்.

ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை. நிஜமா, விளையாட்டா என்று யாரும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னால் சரி என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காகப் பேசியவள் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போக ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

"எங்க போற?" என்றேன்.

அதுதான் அந்த வகுப்பு கேட்ட என் புதுக்குரல். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவளும் நின்றாள்.

"பாடத்த நீ சொல்லு. நான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, நடு பெஞ்சில் அவள் இடத்துக்குப் போனேன். பக்கத்துப் பிள்ளை நகர்ந்து எனக்கு இடம் விட்டது.